பெயரைத் திருத்தச் சொல்லும் ஒற்றை வரி: ரீஜெக்ஸ் சரிபார்ப்பு பற்றி ஒரு விமர்சனம்

இணையப் படிவங்களில் வரும் பிழைச் செய்திகளில் எனக்கு அறவே பிடிக்காத ஒன்று: "சரியான பெயரை உள்ளிடவும்." பெயர் வைத்தது அப்பா அம்மா. அதைச் சரியில்லை என்று சொல்வது ஒரு டெவலப்பர் எங்கிருந்தோ காப்பி-பேஸ்ட் செய்த ஒற்றை வரி. அந்த வரிக்குப் பெயர் ரெகுலர் எக்ஸ்பிரஷன். சுருக்கமாக ரீஜெக்ஸ்.

ரீஜெக்ஸ் என்பது எழுத்துத் தொடர்களின் வடிவத்தை வருணிக்கும் ஒரு சின்ன மொழி. "ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யம் இல்லை" என்று எழுதினால் இந்தியாவின் பின்கோடு வடிவம் வந்துவிடும். கதவருகே நிற்கும் வாட்ச்மேன் மாதிரி, வரும் உள்ளீடு அந்த வடிவத்தில் இருந்தால் உள்ளே விடும், இல்லையென்றால் திருப்பி அனுப்பும். இருபது வருடமாக வெப் புரோகிராமிங் சொல்லித்தரும் பயிற்சிக் கட்டுரைகள் எல்லாம் இந்த வாட்ச்மேனை மூன்று வேலைக்கு நியமிக்கின்றன: தட்டச்சுப் பிழையைக் காட்ட, தகவல் உண்மையா என்று பார்க்க, தாக்குதலைத் தடுக்க. முதல் வேலையை அது ஓரளவு நன்றாகவே செய்யும். இரண்டாவதை அதால் செய்யவே முடியாது. மூன்றாவதைச் செய்வதாக நம்பினால் ஆபத்து. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கே சரியாக வேலை செய்கிறது

முதலில் நியாயமாக அதன் நல்ல பக்கம். ஒரு நிறுவனம் தானே விதி வகுத்துத் தானே கொடுக்கும் எண்களுக்கு ரீஜெக்ஸ் அருமையான கருவி. பான் எண் பத்துக் குறிகள்: ஐந்து ஆங்கில எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் ஒரு எழுத்து. நான்காவது எழுத்து யாருடைய பான் என்பதைச் சொல்லும். தனிநபர் என்றால் 'பி', கம்பெனி என்றால் 'சி'. வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு பதினொன்று: நான்கு எழுத்து, ஒரு பூஜ்யம், பிறகு ஆறு. அந்தப் பூஜ்யத்தை 'ஓ' என்று அடிப்பவர்கள் ஏராளம். அதை அந்த இடத்திலேயே பிடித்துச் சொல்வது உண்மையான உதவி.

ஆனால் இங்கேயே ஒரு எல்லை தெரிகிறது. ஆதார் எண்ணுக்கு 12 இலக்கம். ரீஜெக்ஸ் எண்ணிப் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்லும். நடுவில் 47 என்பதை 74 என்று மாற்றி அடித்திருந்தாலும் அதே "சரி"தான். ஆனால் ஆதாரின் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறைப்படி கணக்கிடப்படுவது. ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் அது கட்டாயம் பிடித்துவிடும். மூன்று சின்ன அட்டவணையும் சில வரி நிரலும் போதும். மனிதர்கள் உண்மையில் செய்யும் பிழை என்ன என்று யோசித்து வடிவமைத்த சரிபார்ப்பு அது. அந்தச் சோதனை சரியாக வந்தாலும் இந்த எண் இவருடையதுதானா என்பது தெரியாது. வடிவம் வேறு, உண்மை வேறு. இதை மறப்பதிலிருந்துதான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

இன்னொன்று, விதி வகுத்தவரே விதியை மாற்றுவார். நம் ஊரில் ஒரு காலத்தில் மொபைல் எண் என்றால் 9-இல் தொடங்கும். பிறகு 8 வந்தது, 7 வந்தது, 6 வந்தது. "9-இல் தொடங்காவிட்டால் தப்பு" என்று எழுதிவைத்த நிரல்கள் ஒவ்வொரு முறையும் புதுச் சந்தாதாரர்களைத் தப்பு என்றன. அந்த எண்ணுக்கு அழைத்தால் போன் அடிக்கும். படிவம் மட்டும் அப்படி ஒரு எண்ணே இல்லை என்று சாதிக்கும்.

மின்னஞ்சல் என்னும் கானல்நீர்

மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்கும் ரீஜெக்ஸ் தேடாத டெவலப்பர் உலகத்தில் இல்லை. 1997-இல் வெளியான ஜெஃப்ரி ஃப்ரீட்லின் ரீஜெக்ஸ் நூலில் அந்தக் காலத்து மின்னஞ்சல் விதிகளைக் கிட்டத்தட்ட முழுமையாகப் பின்பற்றும் ஒரு ரீஜெக்ஸ் இருந்தது. நீளம் ஆறாயிரம் குறிகளுக்கு மேல். அதை யாரும் உட்கார்ந்து படிக்க முடியாது. படிக்க முடியாததைத் திருத்தவும் முடியாது.

இன்னொரு ஓரத்தில், கடைசிப் புள்ளிக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு எழுத்துதான் வரலாம் என்று எழுதியவர்கள். 'காம்', 'இன்', 'இன்ஃபோ' எல்லாம் தேறிவிடும். அருங்காட்சியகங்களுக்கான ஆறெழுத்துப் பின்னொட்டான 'மியூசியம்' 2001-லேயே வந்துவிட்டது. இன்று '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே பின்னொட்டுகள் உண்டு. முகவரி முழுவதையும் ஆங்கிலமல்லாத எழுத்தில் வைத்துக்கொள்ள வழிசெய்யும் தரநிலை 2012-இல் வெளியானது. ஆனால் எச்.டி.எம்.எல். தரநிலை மின்னஞ்சல் பெட்டிக்குக் கொடுத்திருக்கும் ரீஜெக்ஸ், @ குறிக்கு முன்னால் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர எதையும் ஏற்காது. அந்தத் தரநிலையை எழுதியவர்கள், மின்னஞ்சல் விதிகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்பதால் வேண்டுமென்றேதான் மீறுகிறோம் என்று அங்கேயே அறிவித்திருக்கிறார்கள். அந்த நேர்மையைப் பாராட்டலாம். விளைவைப் பாராட்ட முடியாது. அதே ரீஜெக்ஸ், ஒரு ஆங்கில எழுத்து, @, இன்னொரு ஆங்கில எழுத்து என்று மூன்றே குறி இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். உலகில் இல்லாத முகவரி தேறுகிறது. இருக்கக்கூடிய முகவரி தேறவில்லை.

ஒரு முகவரி வேலை செய்கிறதா என்று அறிய ஒரே வழி, அதற்கு ஒரு மெயில் அனுப்பி, வந்த இணைப்பைச் சொடுக்கச் சொல்வது. எப்படியும் அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். அப்போ அதற்கு முன்னால் எதற்கு இவ்வளவு கெடுபிடி? @ இருக்கிறதா, அதன் இரு பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பெயர், அதிலும் தமிழ்ப் பெயர்

கோவா, மங்களூர்ப் பக்கம் டி'சூசா என்று பெயர் உண்டு. அயர்லாந்தில் ஓ'பிரையன். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன மேற்கோள் குறிக்காகவே இவர்கள் வாழ்நாள் முழுக்கப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். நம் பெயர்களின் சிக்கல் வேறு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் ஓர் இனிஷியல், அதன்பின் புள்ளி, பிறகு பெயர். "எழுத்துகள் மட்டும்" என்னும் ரீஜெக்ஸ் புள்ளியை ஏற்காது. கடைசிப் பெயர் கட்டாயம் என்பார்கள். சரி என்று இனிஷியலை அங்கே போட்டால், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயராக 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த ஊருக்குப் போய் இறங்கியதும் அவரை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள்.

தமிழ் எழுத்தில் பெயரை வாங்கும் படிவங்கள் இன்னும் சுவாரசியம். ஆங்கிலத்துக்கு 'ஏ முதல் இசட் வரை' என்று எழுதிப் பழகிய கை, தமிழுக்கு [அ-ஹ]+ என்று எழுதும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் யூனிகோடில் அ முதல் ஹ வரையிலான வீச்சுக்குள் வருவது உயிரெழுத்துகளும் அகர உயிர்மெய்களும் மட்டுமே. காலும் கொம்பும் புள்ளியும் ஹ-வுக்குப் பிறகு தனிக் குறிகளாக இருக்கின்றன. ஆக கண்ணன் தேறமாட்டார், கவிதா தேறமாட்டார், முருகேசன் தேறமாட்டார். சரி, அந்தக் குறிகளையும் சேர்த்துவிடலாம் என்று வீச்சை நீட்டினால் ஃபாத்திமாவும் ஜோசஃபும் வெளியே நிற்பார்கள். ஆய்த எழுத்து யூனிகோடில் அ-வுக்கு முன்னால் இருக்கிறது!

இன்னும் தமிழ் தெரிந்தவர் ஒருவர் வந்து, மெய்யெழுத்து வரிசை க-வில் தொடங்கி ன-வில் முடியும் என்று [க-ன] என எழுதினால் என்ன ஆகும்? யூனிகோட் நம் நெடுங்கணக்கு வரிசையைப் பின்பற்றவில்லை. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த பழைய இஸ்கி குறியேற்றத்தின் வரிசை அது. அதில் ந-வுக்கு அடுத்து ன. அதன்பிறகுதான் ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ. எனவே அந்த ரீஜெக்ஸ் பதினெட்டில் சரியாக ஒன்பதை ஏற்கும், ஒன்பதை விட்டுவிடும். 'தமிழ்' என்ற சொல்லிலேயே முதல் எழுத்துதான் தேறும்.

மொழிக்கு மொழி நடத்தையும் மாறும். 'சொல் எழுத்து' என்பதற்கு ரீஜெக்ஸில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்று ஒரு குறுக்கெழுத்து உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் அதற்குப் பொருள் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே. தமிழ் அங்கே எழுத்தே இல்லை. பைத்தானில் த, ம, ழ எல்லாம் எழுத்து. ஆனால் உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தல்ல. 'தமிழ்' என்பதைக் கொடுத்துச் சொற்களைப் பிரிக்கச் சொன்னால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு வரும். இத்தனைக்கும் ரீஜெக்ஸ் பற்றிய யூனிகோடின் சொந்தப் பரிந்துரை, இப்படி ஒட்டும் குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்ளச் சொல்கிறது.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே பைத்தானில் 'இலக்கம்' என்பதற்கான பேக்ஸ்லாஷ் டி, தமிழ் இலக்கங்களான ௧, ௨, ௩ எல்லாவற்றையும் தாராளமாக ஏற்கும். இன்று அநேகமாக யாரும் எழுதாத தமிழ் எண் தேறுகிறது. நாள்தோறும் எழுதும் புள்ளி தேறவில்லை. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட், சர்வரில் பைத்தான் என்று ஒரே ரீஜெக்ஸை இரண்டு இடத்திலும் வைத்தால் இரண்டு வேறு தீர்ப்பு கிடைக்கும்.

நீளக் கட்டுப்பாடும் இப்படித்தான். 'கிருஷ்ணமூர்த்தி' நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோட் குறிகளாக எண்ணினால் 15. யூ.டி.எஃப்-8 பைட்டுகளாக 45. "அதிகபட்சம் பத்து எழுத்து" என்று படிவம் சொன்னால் அது எந்தக் கணக்கில் பத்து?

பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது

"கொஞ்சம் கடுமையாக இருந்தால்தான் தகவல் சுத்தமாக வரும்" என்பது இதற்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம். நடப்பது நேர்மாறு. என் உறவினர் ஒருவரின் பெயரில் இனிஷியல் முன்னால், புள்ளியோடு. ஒரு காப்பீட்டுப் படிவம் புள்ளியை ஏற்கவில்லை, கடைசிப் பெயர் இல்லாமலும் விடவில்லை. அவர் வேறு வழியில்லாமல் பெயரையே இரண்டு பெட்டியிலும் போட்டார். படிவம் பச்சை டிக் காட்டியது. பல மாதம் கழித்து மருத்துவச் செலவைக் கேட்கப் போனபோது, பெயர் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. பொருந்தாத பெயரை அவர் கொடுக்கவில்லை. சரியான பெயரைத்தான் முதலில் கொடுத்தார். படிவம் அதை மறுத்து, தப்பான பெயரை வாங்கி வைத்துக்கொண்டது.

எந்த டேட்டாபேஸையும் திறந்து கடைசிப் பெயர் என்னும் நிரலைப் பாருங்கள். ஒற்றைப் புள்ளி, கோடு, 'இல்லை', இரண்டு தடவை அதே பெயர். இதெல்லாம் பயனர்களின் அலட்சியம் இல்லை. உண்மையைச் சொன்னால் உள்ளே விடமாட்டேன் என்று நாம் சொன்னதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில்கள். காலியாக விட்டிருந்தால் "தகவல் இல்லை" என்றாவது தெரிந்திருக்கும். இப்போது தகவல் இருக்கிறது, அது பொய். கடுமையான சரிபார்ப்பு தப்பான தகவலைத் தடுப்பதில்லை. தப்பானதைச் சரியான வடிவத்தில் வாங்கி வைக்கிறது.

பாதுகாப்பு என்னும் மாயை

மூன்றாவது வேலை, பாதுகாப்பு. மேற்கோள் குறியைத் தடுத்தால் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் வராது என்று இன்னும் சொல்லித்தருகிறார்கள். டி'சூசா மாட்டிக்கொள்வது இதனால்தான். அந்தத் தாக்குதலுக்கான மருந்து வேறு. டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையையும் பயனர் தந்த மதிப்பையும் ஒரே சரமாக ஒட்டாமல் தனித்தனியாக அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் பெயரில் எத்தனை மேற்கோள் குறி இருந்தாலும் அது வெறும் பெயர்தான். அதேபோல, பக்கத்தில் காட்டும்போது எச்.டி.எம்.எல். குறிகளைச் செயலிழக்கச் செய்தால் ஸ்கிரிப்ட் புகுத்தும் தாக்குதலில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். நோய் வெளியே அனுப்பும் இடத்தில், நாம் மருந்து போடுவது உள்ளே வாங்கும் இடத்தில்.

பிரவுசரில் வைத்த ரீஜெக்ஸ் பாதுகாப்பே அல்ல. பிரவுசரைத் தொடாமலே நேராக சர்வருக்குக் கோரிக்கை அனுப்ப ஒரு வரிக் கட்டளை போதும். சர்வரில் வைத்தாலும் நுணுக்கங்கள் காலை வாரும். ரூபியில் ^, $ இரண்டும் முழு உள்ளீட்டின் தொடக்கமும் முடிவும் அல்ல, ஒவ்வொரு வரியின் தொடக்கமும் முடிவும். முதல் வரியில் நல்ல பிள்ளையாக ஒரு முகவரி, இரண்டாம் வரியில் எது வேண்டுமானாலும் என்று அனுப்பினால் தேறிவிடும். ரெயில்ஸ் இதைப் பார்த்துப் பயந்து, இப்படி எழுதினால் பிழை காட்டவே தொடங்கியது. பைத்தானில் $ குறி, கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டிருந்தாலும் கண்டுகொள்ளாது.

இதைவிட மோசம், காவலுக்கு வைத்ததே வீட்டைக் கொளுத்துவது. (க+)+$ என்ற ரீஜெக்ஸை எடுத்துக்கொள்வோம். 30 'க'-வும் கடைசியில் ஓர் ஆச்சரியக் குறியும் உள்ள சரத்தைக் கொடுத்தால், பின்வாங்கித் தேடும் இன்ஜின் அந்த 'க'-க்களை எத்தனை விதமாகக் குழு பிரிக்கலாமோ அத்தனையையும் முயன்றுபார்க்கும். 20 'க' என்றால் 5,24,288 விதம். 30 என்றால் 53 கோடிக்கும் மேல். ஒரு 'க' கூடினால் வேலை இரட்டிப்பு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. காரணம், வரியின் ஓரங்களில் இருக்கும் வெற்றிடத்தை நீக்கும் ஒரு சாதாரண ரீஜெக்ஸ். ஒரு பதிவில் தொடர்ச்சியாக 20,000 வெற்றிடக் குறிகள் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் புதிதாகத் தொடங்கித் தேடியதில் சுமார் 20 கோடி ஒப்பீடு. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் சுமார் 27 நிமிடம் விழுந்தது, அதன் பின்னால் இருந்த எண்ணற்ற தளங்களையும் இழுத்துக்கொண்டு. அங்கே குற்றவாளி, ஸ்கிரிப்ட் தாக்குதலைக் கண்டுபிடிக்கவென்றே சேர்த்த ஒரு புது ரீஜெக்ஸ் விதி. தாக்கியவர் யாரும் இல்லை. காவலாளியே போதும்.

வருத்தம் என்னவென்றால், இதற்கான தீர்வு அரை நூற்றாண்டுப் பழசு. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற கருத்தைக் கணிதவியலாளர் ஸ்டீபன் க்ளீனி 1950-களில் உருவாக்கினார். 1968-இல் கென் தாம்சன், சாத்தியமான நிலைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பின்தொடரும் ஒரு முறையை வெளியிட்டார். அதில் நேரம் உள்ளீட்டின் நீளத்துக்கு ஏற்பத்தான் கூடும், இப்படி வெடிக்காது. பிற்பாடு பெர்ல் வழி வந்த இன்ஜின்கள் கூடுதல் வசதிகளுக்காகப் பின்வாங்கித் தேடும் முறைக்குப் போயின. 2007-இல் ரஸ் காக்ஸ் இதை விரிவாக எழுதிக் காட்டிய பிறகுதான் பலருக்கும் மறுபடி நினைவு வந்தது. இன்று ஆர்.இ.2 நூலகமும், கோ, ரஸ்ட் மொழிகளின் ரீஜெக்ஸ் நூலகங்களும் தாம்சன் வழியைச் சேர்ந்தவை. அடி வாங்கியபின் கிளவுட்ஃப்ளேரும் அந்தப் பக்கம்தான் போவதாக அறிவித்தது.

அப்போ என்னதான் பண்றது?

எதையும் சரிபார்க்காமல் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீளத்துக்கு ஒரு தாராளமான மேல்வரம்பு வைக்கலாம். பெயரில் புதுவரிக் குறி, கட்டுப்பாட்டுக் குறிகள் வராமல் தடுக்கலாம். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம் என்பதால் யூனிகோட் இயல்பாக்கம் செய்துவிட்டுச் சேமிக்கலாம். எண்ணுக்கு இடைவெளி, கோடு போட்டு எழுதினால் திட்டாமல் நாமே நீக்கிக்கொள்ளலாம். சோதனை இலக்கம் இருந்தால் அதைக் கணக்கிடலாம். வடிவத்தை நிர்ணயித்த அமைப்பு ஒன்று இருந்தால் ரீஜெக்ஸ் தாராளமாகப் போடலாம்.

பெயர், முகவரி, ஊர் இவற்றின் வடிவத்தை நிர்ணயித்த அமைப்பு எதுவும் இல்லை. அவற்றை நிர்ணயித்தவர் படிவத்தின் எதிரே உட்கார்ந்திருப்பவர். அங்கே சந்தேகம் வந்தால் தடுப்பதற்குப் பதில் கேட்கலாம்: "இதில் எண் ஒன்று இருக்கிறதே, சரிதானா?" ஆம் என்றால் விட்டுவிட வேண்டும். எச்சரிக்கைக்கும் மறுப்புக்கும் நடுவில் ஒரு பட்டன்தான் வித்தியாசம். ஆனால் அந்தப் பட்டன் இருந்தால் முடிவு மனிதர் கையில்.

உங்கள் நிரலில் இருக்கும் ஒவ்வொரு சரிபார்ப்பு ரீஜெக்ஸுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிவைத்துப் பாருங்கள்: இது யாரைத் திருப்பி அனுப்புகிறது? பதில் தெரியவில்லை என்றால், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாரும் வந்து உங்களிடம் சொல்லப்போவதில்லை. அவர்களால்தான் படிவத்தையே தாண்ட முடியவில்லையே.